வீட்டிலேயே படிக்க வைப்பது: எந்த முறை நம் வீட்டுக்குச் சரிப்படும்?

சாமான்களைக் கையாண்டு கற்கும் மாண்டிசோரியா, பாடநூலா, பாடத்திட்டமே இல்லாத அன்ஸ்கூலிங்கா என்பதுதான் வீட்டுக்கல்வியில் இறங்கும் பெற்றோரின் முதல் கேள்வி. அதைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். எந்த முறையானாலும் அதை நடத்தப்போவது பகலில் வீட்டில் இருக்கும் ஓர் ஆள். அவருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது, எந்த மொழியில் தயங்காமல் பேசுவார், பிள்ளை கடைசியில் எந்தத் தேர்வு எழுதப்போகிறது என்ற மூன்றும் தெரிந்தால் முறை பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். தெரியாமல் தொடங்கினால், அலமாரியில் சாமான் மிஞ்சும், படிப்பு நின்றுபோகும்.

முதலில் நேரக்கணக்கு

ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டு போடுங்கள். காலை 6 முதல் இரவு 9 வரை அரைமணிக் கட்டங்கள். பெரியவர் ஒருவர் வேறு எந்த வேலையும் இல்லாமல் பிள்ளையோடு உட்கார முடிந்த கட்டத்தில் மட்டும் டிக் அடியுங்கள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே, அலுவலக மீட்டிங்கில் காது வைத்துக்கொண்டே உட்கார்ந்த நேரம் கணக்கில் வராது. வார முடிவில் வாரநாள்களின் டிக்குகளைக் கூட்டி ஐந்தால் வகுத்தால், நாளுக்கு எத்தனை அரைமணி என்ற உங்கள் கையிருப்பு தெரியும்.

தேவை இவ்வளவுதான்: 6 முதல் 8 வயதுக்கு நாளுக்கு ஒன்றரை மணி நேரம், 15 நிமிடத் துண்டுகளாக. 9 முதல் 11 வரை இரண்டரை மணி. அதில் ஒரு மணி நேரம் பிள்ளை தனியாகச் செய்வது. 12 முதல் 14 வரை நான்கு மணி. அதில் பாதிக்கு மேல் தனியாக. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் இருக்கும்போது பள்ளியின் ஏழு பீரியட் தேவையில்லை. வருகைப் பதிவும் வரிசையும் காத்திருப்பும் வீட்டில் கிடையாது.

இரண்டு பிள்ளைகள் இருந்தால் சின்னதை முதலில் உட்கார வையுங்கள். அதன் பொறுமைதான் முதலில் தீரும். அந்த நேரத்தில் பெரியது நேற்றே சொல்லிக்கொடுத்த கணக்கைப் போடட்டும். புதுப் பாடத்தைத் தனியாகப் பார்க்கக் கொடுத்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "அம்மா, இது எப்படி?" என்று எழுந்து வரும், இரண்டு பேர் படிப்பும் கெடும்.

பள்ளியிலிருந்து நிறுத்தி அழைத்துவந்த பிள்ளையென்றால் முதல் ஒரு மாதம் பாடமே வேண்டாம். தினமும் அரைமணி வாசித்துக் காட்டுவதும் பத்து நிமிட வாய்ப்பாடும் போதும். பள்ளியில் பயந்து படித்த பிள்ளை முதல் வாரங்களில் நோட்டைக் கண்டாலே முரண்டு பிடிக்கும். அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டு கண்டிப்பைக் கூட்டினால் பள்ளி மாறியதுபோல் இருக்குமே தவிர, வேறெதுவும் மாறியிருக்காது.

படிக்கும் மொழி

வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு ஆங்கிலத்தில் மட்டும் எழுத்தறிவு தொடங்குவது நம்மிடம் பரவலான தவறு. பேசத் தெரிந்த மொழியில் வாசிக்கும்போதுதான், தான் வாசித்தது சரியா என்று பிள்ளைக்கே காதில் தெரியும். தமிழை முதலில் முடித்துக்கொண்டால் ஆங்கிலம் பின்னால் வேகமாக வரும்.

247 எழுத்துகளையும் அகர வரிசையில் எழுத வைத்து ஆரம்பிக்காதீர்கள். அ, ஆ, இ மூன்றுமே எழுதக் கடினமான வடிவங்கள். நேர்கோடு மிகுந்த எழுத்துகளான ட, ப, ம மூன்றில் தொடங்குங்கள். இரண்டு நாளில் "படம்", "பட்டம்", "மடம்" என்று சொற்களே வாசித்துவிடலாம். அடுத்து ர, க, த, ச, வ, ல, ய. பிறகு துணையெழுத்துகள்: முதலில் கால், அதன்பின் இகர ஈகாரம், பிறகு ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரம், ஒகர ஓகாரம். உகர ஊகாரத்தைக் கடைசியில் வையுங்கள். கு, சு, து ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைவதால் ஒரே விதியாகச் சொல்லித்தர முடியாது. வாரம் நான்கு எழுத்து வீதம் தனித்தனியாகத்தான் பழக்க வேண்டும்.

ல-ள-ழ, ர-ற, ந-ன-ண ஆகியவற்றை ஒரே நாளில் சொல்லித்தந்தால் குழப்பம் வருடக்கணக்கில் தங்கும். ஒன்று நன்றாகப் பதிந்த பிறகு, குறைந்தது மூன்று வாரம் விட்டு, அடுத்ததை எடுங்கள்.

முறைகளும் அவை கேட்பவையும்

பாடநூல் வழி: வேலைக்குப் போகும் பெற்றோருக்கும் தொடங்கும்போது தயக்கம் உள்ளவர்களுக்கும் இதுவே பத்திரமானது. தமிழ்நாடு அரசின் பாடநூல்கள், மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. நூல்கள் இரண்டுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு பாடத்துக்கு ஒரு வாரம் வையுங்கள். முதல் நாள் சேர்ந்து வாசித்துப் பேசுவது, இரண்டாம் நாள் படத்தையும் சோதனையையும் செய்து பார்ப்பது, மூன்றாம் நாள் பயிற்சியில் பாதியை வாய்மொழியாக, நான்காம் நாள் மூன்றே கேள்விகளை எழுத்தில், ஐந்தாம் நாள் விட்டதைத் திரும்பப் பார்ப்பது. இது கெடுவது ஒரே இடத்தில்தான்: பின்பக்கக் கேள்வி அத்தனைக்கும் விடையை நோட்டில் எழுத வைக்கும்போது. பிள்ளை புத்தகத்தைப் பார்த்துக் காப்பி அடிக்கும், நோட்டு நிறையும், மண்டையில் ஒன்றும் ஏறியிருக்காது.

மாண்டிசோரி: ஏழு வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு அருமையான வழி. தமிழ்நாட்டோடு இதற்கு நேரடி உறவும் உண்டு; இதை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். காலையில் இரண்டு மணி நேரமாவது அவசரமில்லாத ஒரு பெரியவர் வேண்டும் என்பதுதான் இதன் நிபந்தனை. பத்தரைக்குள் சமையல் முடிய வேண்டிய வீட்டில் இது ஓடாது.

மாண்டிசோரி சாமான்களை முழு செட்டாக வாங்கிக் குவிக்காதீர்கள். பத்தடிமானத்துக்கான, அதாவது ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்ற இடமதிப்புக்கான சாமானை வீட்டிலேயே செய்யலாம். ஒரு சென்டிமீட்டர் கட்டத் தாளை அட்டையில் ஒட்டி, ஒரு கட்டத் துண்டுகள் 45, பத்துக் கட்டப் பட்டைகள் 45, பத்துக்குப் பத்து சதுரங்கள் 45 வெட்டுங்கள். ஆயிரத்துக்கு 10 செ.மீ. அளவில் ஒன்பது அட்டைப் பெட்டிகள். 2,347-ஐக் கையால் அள்ளி வைத்துப் பார்த்த பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழிப்பதில் தடுமாற்றம் வருவது அபூர்வம். அலமாரியில் ஒரு நேரத்தில் எட்டு முதல் பத்துச் சாமான் மட்டும் இருக்கட்டும். இரண்டு வாரம் தொடாததை உள்ளே எடுத்துவைத்து வேறொன்றை வையுங்கள்.

வாசித்துச் சொல்லும் வழி: இங்கிலாந்தின் கல்வியாளர் சார்லட் மேசன் வகுத்த முறை, சின்னச் சின்னப் பாடம், நல்ல நூல், கேட்டதைப் பிள்ளை தன் சொல்லில் திருப்பிச் சொல்வது. தாத்தா பாட்டி உள்ள வீட்டுக்கு மிக நன்றாகப் பொருந்தும். ஒரே ஒரு முறை வாசியுங்கள், 6 வயதுக்கு அரைப் பக்கம், 10 வயதுக்கு இரண்டு பக்கம். பிறகு "சொல்லு" என்று விட்டுவிடுங்கள். நடுவில் திருத்தக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது. பிழையிருந்தால் சொல்லி முடித்தபின் அந்த வரியை மட்டும் மறுபடி வாசித்துக் காட்டலாம். இடைமறித்துத் திருத்தும் வீடுகளில் இந்தப் பழக்கம் ஒரே வாரத்தில் செத்துவிடும். இதில் இன்னொரு ஓட்டை, எழுத்து பின்தங்குவது. பத்து வயதிலிருந்து வாரம் இரண்டு முறை சொன்னதையே ஒரு பக்கம் எழுத வையுங்கள்.

செயல்திட்ட வழி: ஒரு பொருளை எடுத்து நான்கு முதல் ஆறு வாரம் தோண்டுவது. ஊர் ஏரி, பக்கத்துத் தறிக்கூடம், வீட்டு மின்கட்டணம், எதுவும் ஆகலாம். மின்கட்டண அட்டையையே பாருங்கள். இரண்டு மாதக் கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம், அதற்குமேல் படிப்படியாக ஏறும் விகிதம். ஆறாம் வகுப்பு வயதுப் பிள்ளை மீட்டரைத் தினமும் குறித்து, வரைபடம் போட்டு, அடுத்த பில் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆனால் கணிதம் முழுவதும் இப்படித் தானாக வந்துவிடாது. பின்னமும் வகுத்தலும் இயற்கணிதமும் வரிசையாகப் படிக்க வேண்டியவை. எந்த வழியில் போனாலும் நாளுக்கு 30 நிமிடம் கணக்கு தனியாக இருக்கட்டும். வீட்டுக்கல்வியில் பின்தங்கிய பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது இந்த ஓர் இடத்தில்தான்.

அன்ஸ்கூலிங், அதாவது பாடத்திட்டமே இல்லாமல் பிள்ளையின் ஆர்வத்தைப் பின்தொடர்வது, வீட்டுப் பெரியவர்கள் எதையாவது செய்துகொண்டே இருக்கும் குடும்பங்களில் நடக்கிறது: தோட்டம், தச்சு, தையல், இசை, கடை. பெரியவர்கள் இருவரும் லேப்டாப்பைப் பார்த்தபடி இருக்கும் வீட்டில் பிள்ளையின் ஆர்வம் போனிலேயே போய் நிற்கும். இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒரு காவல் வைத்துக்கொள்ளுங்கள்: எட்டு வயது முடியும்போது பழக்கமில்லாத ஒரு பத்தியைத் தமிழில் திக்காமல் வாசிக்க வேண்டும். வாசிக்கவில்லையென்றால் தினமும் 20 நிமிடம் உட்கார வைத்துச் சொல்லித்தாருங்கள். அப்போதும் முன்னேற்றம் தெரியாவிட்டால் கற்றல் குறைபாடு உண்டா என்று பரிசோதிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

எடுத்த முறையை ஆறு வாரம் மாற்றாமல் நடத்துங்கள். வெள்ளிக்கிழமைதோறும் மூன்று வரி எழுதுங்கள்: இந்த வாரம் புதிதாக என்ன செய்ய முடிகிறது, எதில் அழுகை வந்தது, எந்த நாள் ஓடவே இல்லை, ஏன். ஆறு வாரத்துக்கும் அழுகை ஒரே பாடத்தில் வந்தால் அந்தப் பாடத்தின் முறையை மட்டும் மாற்றுங்கள். ஓடாத நாள்கள் அதிகமானால் முறையை விட்டு நேரத்தை மாற்றுங்கள். பெரும்பாலான வீடுகள் கடைசியில் வந்து நிற்பது கலவையில்தான்: கணக்குக்குப் பாடநூல், தமிழுக்கு வாசித்துச் சொல்வது, அறிவியலுக்குச் செயல்திட்டம்.

சட்டமும் சலுகையும்

2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. வீட்டுக்கல்வியைத் தனியாக அங்கீகரிக்கும் ஏற்பாடும் அதில் இல்லை. பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்கள் வீட்டுக்கு வருவார்கள். அவர்களோடு வாதாடாமல், பிள்ளையின் நோட்டுகளையும் வாராந்தரக் குறிப்பையும் காட்டுங்கள். மனம் மாறினால் அதே சட்டப்படி, வயதுக்கேற்ற வகுப்பில் அரசுப் பள்ளி பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும். இது எட்டாம் வகுப்பு வரை பெரிய ஆறுதல்.

இழப்பையும் பார்த்துவிடுங்கள். மருத்துவம், பொறியியல் முதலிய படிப்புகளில் 7.5% உள் ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் பள்ளிப் படிப்புதான் தகுதி. அரசுப் பணியில் தமிழ்வழியில் படித்தோருக்கான 20% முன்னுரிமைக்கும் பள்ளிச் சான்று கேட்பார்கள். இவை உங்கள் குடும்பத்துக்கு முக்கியமானால், ஐந்தாம் வகுப்பு வயது வரை வீட்டில் வைத்து ஆறில் அரசுப் பள்ளியில் சேர்ப்பது முதல் இரண்டையும் காப்பாற்றும் ஏற்பாடு.

தேர்வு வழிகள்

மாநில வாரியம்: 12½ வயது நிறைந்ததும் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். அந்தச் சான்றை வைத்து 14½ வயது நிறைந்தபின் பத்தாம் வகுப்பு. அரசுத் தேர்வுகள் இயக்ககம் அறிவிக்கும் சேவை மையங்களில் விண்ணப்பிக்க வேண்டும். இதில் பலர் சிக்குவது அறிவியல் செய்முறையில். அதற்கு 25 மதிப்பெண். செய்முறைப் பயிற்சிக்கு முன்னதாகவே தனியாகப் பதிந்து, குறிக்கப்பட்ட பள்ளிக்குப் போய் 80% வருகை காட்ட வேண்டும். தேர்வு விண்ணப்பத்தை மட்டும் எதிர்பார்த்து உட்கார்ந்தவர்களுக்கு இது கைநழுவிவிடும், ஒரு வருடம் போகும். பிளஸ் 2-வில் அறிவியல் பிரிவு வேண்டுமென்றால் பத்துக்குப்பின் பள்ளியில் சேர்ப்பதே நல்லது.

தேசிய திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்.ஐ.ஓ.எஸ்.: பத்தாம் வகுப்புக்கு 14 வயது போதும். ஐந்து பாடங்கள், அவற்றில் ஒரு மொழியாவது கட்டாயம். பதிவு ஐந்து ஆண்டு செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்புகள். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடப்பதால் பாடங்களைப் பிரித்து எழுதலாம். கணிதமோ அறிவியலோ இல்லாமலும் தேர முடியும். அந்தச் சுலபத்தில் மயங்கி இரண்டையும் விட்டால் பாலிடெக்னிக், பொறியியல் பக்கம் போவது கடினமாகிவிடும். தேர்வுக்கு முன் அனுப்ப வேண்டிய பயிற்சித்தாள்களுக்கு 20% எடை உண்டு, தேதி தவறவிடாதீர்கள். மாநில அரசு வேலைதான் இலக்கு என்றால் மாநில வாரியச் சான்றே சிக்கலில்லாதது.

கேம்பிரிட்ஜின் ஐ.ஜி.சி.எஸ்.இ., அதாவது பத்தாம் வகுப்புக்கு இணையான பன்னாட்டுத் தேர்வு: வெளித்தேர்வரை ஏற்கும் மையம் உங்கள் ஊருக்குப் போய்வரும் தூரத்தில் இருக்கிறதா என்று முதலில் எழுதிக் கேட்டு உறுதி வாங்குங்கள். அறிவியலில் ஆய்வகத் தேர்வுக்குப் பதில் எழுத்துத் தாள் எடுக்க வழியிருப்பதால் வீட்டுப் பிள்ளைகளுக்கு வசதி. கட்டணம் பாடவாரியாக, மற்ற இரண்டு வழிகளைவிடப் பல மடங்கு.

எந்த வழியானாலும் ஒரு கோப்பு வேண்டும்: பிறப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்று, பள்ளியில் படித்திருந்தால் டி.சி.யும், பள்ளிக் கல்வித்துறை மாணவருக்குத் தரும் அடையாள எண்ணான எமிஸ் எண்ணும். பெயரின் எழுத்துக்கூட்டும் இனிஷியலும் பிறந்த தேதியும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பிள்ளைக்குப் பத்து வயதாகும்போதே பார்த்து, வேறாக இருந்தால் அப்போதே திருத்திவிடுங்கள். தேர்வு விண்ணப்பம் திறந்திருக்கும் சில வாரங்களில் பெயர்த் திருத்தம் முடியாது.