குறைந்த செலவில் கேமிங் கணினி: நாமே அசெம்பிள் செய்வதா, தயாராக வாங்குவதா?

பாகங்களை வாங்கி நாமே அசெம்பிள் செய்தால் மலிவா, தயாராக விற்கும் கணினியை வாங்கினால் மலிவா என்ற கேள்விக்கு எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் விடை கிடையாது. 2020 இறுதியிலிருந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள், பெருந்தொற்றுக் காலத் தட்டுப்பாடும் கிரிப்டோ நாணயம் எடுப்பவர்களின் கொள்முதலும் சேர்ந்து கிராபிக்ஸ் கார்டுகளின் விலையை ஏற்றிவிட்டபோது, கார்டைத் தனியாக வாங்குவதைவிட அதே கார்டு பொருத்தப்பட்ட முழுக் கணினியை வாங்குவதே பலருக்குக் கட்டுப்படியாக இருந்தது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் தன் முறையை மாற்றிக்கொண்டு கிராபிக்ஸ் கார்டுகளின் உதவியே வேண்டாம் என்றாகிவிட்ட பிறகு அந்த நெருக்கடி தீர்ந்தது. 2025இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் பக்கம் நினைவகச் சில்லுகள் போகத் தொடங்கியதும் ரேம் விலை ஏறி, கணக்கு மறுபடியும் மாறியது. ரேமை முன்கூட்டியே மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் தயாரிப்பாளருக்கு இத்தகைய நேரங்களில் ஒரு அனுகூலம் உண்டு.

ஆகவே எது மலிவு என்பதை வாங்கப்போகும் வாரத்தில்தான் கணக்கிட முடியும். அந்தக் கணக்கைச் சரியாகப் போட வேண்டுமானால், விளம்பரங்களைப் பார்ப்பதற்கு முன்பே நமக்கு வேண்டிய பாகங்களின் பட்டியலை முழுமையாக எழுதிவிட வேண்டும். அசெம்பிள் செய்யும் எண்ணமே இல்லாதவருக்கும் இந்தப் பட்டியல் தேவை; சொல்லப்போனால் அவருக்குத்தான் அதிகம் தேவை.

பட்டியல் எழுதும் முறை

மானிட்டரிலிருந்து தொடங்குவது நல்லது. 1920×1080 அளவுள்ள திரையோடு ஒப்பிட்டால் 2560×1440 திரையில் புள்ளிகள் ஏறத்தாழ 1.8 மடங்கு, அத்தனை புள்ளிகளையும் ஒவ்வொரு பிரேமிலும் (திரையில் நொடிக்குப் பலமுறை மாறும் படம் ஒவ்வொன்றிலும்) வரைய வேண்டியது கிராபிக்ஸ் கார்டுதான். பட்ஜெட் சிறியது என்றால் 1080பி எனப்படும் 1920×1080 திரையோடு நிறுத்திக்கொள்வதே விவேகம். அடுத்து, மொத்தத் தொகையிலிருந்து மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ஹெட்செட், விண்டோஸ் உரிமம் ஆகியவற்றின் விலையைக் கழித்துவிட வேண்டும். தயார்க் கணினியின் விலையில் விண்டோஸ் அநேகமாகச் சேர்ந்தே வரும் என்பதால், இந்த ஒரு வரியை விட்டுவிட்டு ஒப்பிடுபவர்களுக்கு அசெம்பிள் செய்வது உண்மையில் இருப்பதைவிட மலிவாகத் தோன்றும்.

மீதமுள்ள தொகையில் 35 முதல் 45 சதவீதம் வரை கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கலாம். பிராசசருக்கு அவ்வளவு செலவு வேண்டியதில்லை. ஏஎம்டியின் ரைசன் 5 5600, இன்டெலின் கோர் ஐ5 12400எஃப் போன்ற, ஆறு கோர் (கணக்கிடும் பகுதி) கொண்ட பிராசசர்களே பட்ஜெட் கார்டுகளுக்குத் தாராளமாகப் போதும். இன்டெல் பிராசசரின் பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால் அதற்குள் கிராபிக்ஸ் வசதி இல்லை, தனிக் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது என்று பொருள். ரைசன் 5 5600க்கும் இதே நிலைதான். கார்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் 5600ஜி போன்ற மாடலைத்தான் எடுக்க வேண்டும். ரேம் 16 ஜிபி, அதுவும் 8 ஜிபி வீதம் இரண்டு. எஸ்எஸ்டி 1 டிபி இருந்தால் நிம்மதி. பழைய ஹார்டு டிஸ்க்கை சேமிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், கேம்களை அதில் ஏற்ற வேண்டாம்.

கிராபிக்ஸ் கார்டைப் பொறுத்தவரை பெயரை மட்டும் நம்பக் கூடாது. இதற்குப் பழைய உதாரணம் ஜிடி 1030. 2017இல் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்த இந்தக் கார்டின் பெயரிலேயே அடுத்த ஆண்டு டிடிஆர்4 நினைவகத்தோடு இன்னொரு மாடல் வெளிவந்தது. முதல் கார்டின் நினைவக வேகம் நொடிக்கு 48 ஜிபி, இரண்டாவதற்கு 17 ஜிபிகூட இல்லை. பெட்டியின் மேல் எழுதியிருந்ததோ இரண்டிலும் ஜிடி 1030தான். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டிலும் இதே கதை நடந்தது: 12 ஜிபி மாடலின் நினைவகப் பாதை 192 பிட், பின்னால் வந்த 8 ஜிபி மாடலில் அது 128 பிட். தயார்க் கணினியின் விளம்பரத்தில் ‘ஆர்டிஎக்ஸ் 3060’ என்று மட்டும் இருந்தால், எத்தனை ஜிபி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விலையை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

1080பி திரைக்கு ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற 8 ஜிபி கார்டுகள் ஓரளவு போதும். சில புதிய கேம்கள் உயர்ந்த டெக்ஸ்ச்சர் (பொருள்களின் பரப்பில் ஒட்டப்படும் படங்கள்) அளவில் 8 ஜிபியைத் தாண்டிவிடுவதால், விலை நெருக்கமாக இருந்தால் 12 ஜிபி உள்ள இன்டெல் ஆர்க் பி580 போன்றதை நான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் அதற்கு, கார்டின் முழு நினைவகத்தையும் பிராசசர் ஒரே நேரத்தில் அணுக உதவும் ரீசைசபிள் பார் வசதி மதர்போர்டில் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். பழைய கணினியில் பொருத்த நினைப்பவருக்கு அது பொருந்தாது.

தயார்க் கணினியில் பார்க்க வேண்டியவை

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருபவை பிராசசரும் கார்டும்தான். செலவு குறைக்கப்பட்ட இடங்கள் பெரும்பாலும் எழுதப்படாத வரிகளில் இருக்கும். எனவே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாகத்தின் மாடலையும் விற்பவரிடம் கேட்க வேண்டும். பவர் சப்ளை எந்த மாடல் என்ற கேள்விக்கு ‘500 வாட்’ என்று மட்டும் பதில் வந்தால் அதை ஒரு எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளலாம். 80 பிளஸ் முத்திரையும்கூட மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்கிறது. பாதுகாப்புச் சுற்றுகள் ஒழுங்காக உள்ளனவா என்பதற்கு அது சான்று அல்ல.

‘ஐ7 கேமிங் பிசி’ என்ற வாசகம் இன்னொரு பொறி. 2013இல் வந்த ஐ7 4770இல் நான்கு கோர்கள், எட்டு த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை இழைகள்). 2022இல் வந்த ஐ3 12100இலும் அதே எண்ணிக்கைதான். ஆனால் பின்னது எல்லா வேலையிலும் முன்னதை வெகுதூரம் முந்திவிடும். பிராசசரின் வயதைச் சொல்வது ஐ3, ஐ5, ஐ7 என்ற முன்னெழுத்து அல்ல, அதன் பின்னால் வரும் எண்ணே. தவிர, விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது இன்டெல் 8ஆம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது.

அடுத்து ரேம். 16 ஜிபி என்று சொல்லி ஒற்றைக் குச்சியாகப் பொருத்தியிருந்தால் நினைவகத்தின் இரண்டு பாதைகளில் ஒன்று சும்மா கிடக்கும். பல கேம்களில் பிரேம் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியும் அளவு இறங்கும். கடைசியாக மதர்போர்டு. பெரிய தயாரிப்பாளர்கள் சிலர் தங்களுக்கே உரிய வடிவில் மதர்போர்டும் தங்களுக்கே உரிய பின்களோடு பவர் சப்ளையும் செய்கிறார்கள். அப்படிப்பட்ட கணினியில் பவர் சப்ளை பழுதானால் கடையில் கிடைக்கும், ஏடிஎக்ஸ் என்ற பொது அளவிலான பவர் சப்ளை நேரடியாகப் பொருந்தாது. மதர்போர்டை மாற்ற நினைத்தால் கேபினட்டையும் சேர்த்து மாற்ற வேண்டி வரலாம். பக்கத்து மூடியைத் திறந்த படம் ஒன்றைக் கேட்டு வாங்கி, மதர்போர்டின் வலது ஓரத்தில் 24 பின் கொண்ட வழக்கமான இணைப்பு இருக்கிறதா என்று பார்த்தாலே இது ஓரளவு தெரிந்துவிடும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு, தயார்க் கணினியின் விலை உங்கள் பட்டியலின் மொத்த விலையைவிடப் பத்து சதவீதம் வரை கூடுதலாக இருந்தாலும் அதை வாங்குவதில் தவறில்லை என்பது என் கருத்து. எது பழுதானாலும் ஒரே இடத்தில் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். எந்தப் பாகத்தில் கோளாறு என்று கண்டுபிடிப்பது நம் தலைவலி அல்ல. வேறொரு கணினியோ மாற்றிப் பார்க்க உதிரிப் பாகமோ கைவசம் இல்லாதவருக்கு இது சிறிய விஷயமல்ல. வித்தியாசம் இருபது சதவீதத்தைத் தாண்டினால் நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிடுவேன்.

அசெம்பிள் செய்தால் உண்மையான லாபம் எங்கே

கூலி மிச்சமாவது இதில் சிறிய பங்குதான். பழைய எஸ்எஸ்டி, கேபினட், மானிட்டர் என்று கையில் இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ள முடிவதும், பின்னாளில் ஒரே ஒரு பாகத்தை மட்டும் மாற்றி இன்னும் சில ஆண்டுகள் ஓட்ட முடிவதும்தான் பெரிய லாபம். ஏஎம்டியின் பிராசசர் அமரும் ஏஎம்4 சாக்கெட் இதற்கு நல்ல சாட்சி: 2017இல் முதல் ரைசனோடு வாங்கிய பி350 மதர்போர்டு பலவற்றில் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்து, 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியைப் பொருத்த முடிந்தது. ரேமையோ மதர்போர்டையோ மாற்ற வேண்டியிருக்கவில்லை.

வேலை, பயப்படும் அளவுக்குக் கடினமானதல்ல. மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, பிராசசர், ரேம், எஸ்எஸ்டி, கூலர் ஆகியவற்றைக் கேபினட்டுக்கு வெளியிலேயே பொருத்திவிட வேண்டும். பிராசசரின் ஒரு மூலையில் உள்ள சிறிய முக்கோணக் குறியைச் சாக்கெட்டில் உள்ள குறியோடு சேர்த்து வைத்தால் அது தானாக அமரும். விரலால் அழுத்தவே கூடாது. ஏஎம்4 பிராசசரின் அடியில் பின்கள் இருக்கும், இன்டெல், ஏஎம்டியின் பிந்தைய ஏஎம்5 இரண்டிலும் பின்கள் மதர்போர்டில் இருக்கும். எதில் பின் இருக்கிறதோ அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டுப் பொருத்தி, அதன் விசிறி வயரைச் ‘சிபியு ஃபேன்’ என்று எழுதிய இடத்தில் செருக வேண்டும். நான்கு ரேம் இடங்கள் உள்ள போர்டில் இரண்டு ரேம்களைப் பொதுவாகப் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் செருகுவார்கள். மதர்போர்டுக் கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம்.

கேபினட்டில் ஏற்றும்போது மதர்போர்டின் திருகுத் துளைகளுக்கு நேராக மட்டுமே பித்தளைத் தாங்கிகள் இருக்க வேண்டும். துளை இல்லாத இடத்தில் ஒரு தாங்கி நின்றால் அது போர்டின் அடிப்பக்கத்தைத் தொட்டு ஷார்ட் ஆகும். பவர் சப்ளையிலிருந்து வரும் 8 பின் வயர்கள் இரண்டு வகை: பிராசசருக்கானது நான்கு, நான்காகப் பிரியும், கிராபிக்ஸ் கார்டுக்கானது ஆறு, இரண்டாகப் பிரியும். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் அழுத்திச் செருக முயல வேண்டாம். வயர்கள் கழற்றக்கூடிய பவர் சப்ளையாக இருந்தால், வேறொரு பவர் சப்ளையின் வயரை அதில் பயன்படுத்துவது ஆபத்து. முனை பொருந்தினாலும் உள்ளே இணைப்பு வரிசை மாறியிருக்கலாம், எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்க்கும் கருகிப்போகலாம்.

மானிட்டர் வயரை மதர்போர்டில் அல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகி, கணினியை இயக்கியதும் பயாஸுக்குள் போய், ரேமை அதன் மேல் எழுதிய வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் டிடிஆர்5 6000 என்று விலை கொடுத்து வாங்கிய ரேம் 4800 போன்ற தாழ்ந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். தயார்க் கணினி வாங்கியவர்களும் இதைப் பார்ப்பது நல்லது, ஏனெனில் பல இடங்களில் இது இயக்கப்படாமலேயே பெட்டியில் போடப்படுகிறது.

பழைய அலுவலகக் கணினி என்ற மூன்றாவது வழி

பட்ஜெட் மிகச் சிறியதென்றால், அலுவலகங்கள் கழித்துவிட்ட 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய கணினியை வாங்கி ஒரு கார்டைச் சேர்க்கலாம். இவற்றின் பவர் சப்ளையில் கார்டுக்கான தனி வயர் பெரும்பாலும் இருக்காது. மதர்போர்டின் இணைப்பிடமோ 75 வாட்தான் தரும். ஆகவே ஆர்டிஎக்ஸ் 3050இன் 70 வாட் கொண்ட 6 ஜிபி மாடல் போன்றவைதான் பொருந்தும். ஆர்எக்ஸ் 6400 இதைவிடக் குறைந்த மின்சாரத்தில் ஓடினாலும் மதர்போர்டோடு இணையும் பிசிஐஇ தடங்களில் நான்கை மட்டுமே பயன்படுத்துவதால், வேகம் குறைந்த பழைய பிசிஐஇ 3.0 போர்டுகளில் சற்றுத் திணறும். கேபினட்டின் உயரத்தை அளந்துவிட்டே கார்டை வாங்க வேண்டும். ஒல்லியான கேபினட்டில் குட்டைக் கார்டு மட்டுமே நுழையும்.

செகண்ட் ஹேண்ட் பாகங்களில் பிராசசரையும் ரேமையும் துணிந்து வாங்கலாம். கார்டை அரை மணி நேரமாவது கேம் ஓட்டிப் பார்த்த பிறகு வாங்கலாம். பவர் சப்ளையை மட்டும் புதிதாகவே வாங்க வேண்டும்.

எந்த வழியில் வந்த கணினியானாலும், திருப்பிக் கொடுப்பதற்கான அவகாசம் முடிவதற்குள் அதை நன்றாக வருத்திப் பார்த்துவிட வேண்டும். மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருள் கொண்டு ரேமை ஓர் இரவு முழுவதும் சோதிக்கலாம். உங்களிடம் உள்ளதிலேயே கனமான கேமை ஒரு மணி நேரம் ஓட்டி, பிராசசர், கார்டு இரண்டின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளலாம். பிராசசர் ஓரிரு நிமிடத்திலேயே 95 டிகிரியை எட்டினால் முதலில் கூலரைக் கழற்றி அந்தப் பிளாஸ்டிக் தாள் இன்னும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அட்டைப்பெட்டிகளையும் ரசீதுகளையும் உத்தரவாதக் காலம் முடியும்வரை எறிந்துவிட வேண்டாம்.