வயிறு கெட்டால் சிறுநீரும் அடிக்கடி வருகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐ.பி.எஸ். என்கிற குடல் எரிச்சல் பிரச்சினை உள்ள பலருக்கு, வயிறு சரியில்லாத நாளில் சிறுநீரும் அடிக்கடி முட்டும். ஆனால் டாக்டரிடம் வயிற்றை மட்டும் சொல்லிவிட்டு, இதைச் சொல்லக் கூச்சப்பட்டுத் திரும்பிவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். தயவுசெய்து சொல்லிவிடுங்கள். பெருங்குடலின் கடைசிப் பகுதியும் சிறுநீர்ப்பையும் இடுப்புக்குள் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. இரண்டிலிருந்தும் கிளம்பும் நரம்புகள் தண்டுவடத்தின் ஒரே பகுதிகளில் போய்ச் சேருகின்றன. குடல் நரம்புகள் ரொம்ப நாள் எரிச்சலில் இருந்தால் சிறுநீர்ப்பையின் உணர்திறனும் கூடிவிடலாம். நிறைவதற்கு முன்பே அவசரப்படுத்தும். மலச்சிக்கல் இருந்தாலோ, நிறைந்து கிடக்கும் மலக்குடலே சிறுநீர்ப்பையை நெருக்கும்.

நான் நெடுநாள் செய்த தவறு, தண்ணீரைக் குறைத்தது. மதுரையில் ராத்திரி சென்னை பஸ் ஏற வேண்டுமென்றால் மத்தியானத்திலிருந்தே தண்ணீர்ப் பக்கம் போகமாட்டேன். அப்படியும் திருச்சி வருவதற்குள் அடிவயிறு கடுக்கும். பஸ் நின்றதும் இறங்கி ஓடினால், அடர் மஞ்சளாக நாலு சொட்டுதான் வரும். மறுநாள் மலம் இறுகி வயிறு பிசையும், மறுபடி சிறுநீர் முட்டும். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகி சிறுநீர்ப்பையை உறுத்துகிறது, மலச்சிக்கலும் கூடுகிறது. கிட்னி, இதயக் கோளாறு இல்லாதவர்கள் ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், வெயில் காலத்தில் இன்னும் கொஞ்சம், பகல் முழுக்கப் பிரித்துப் பிரித்துக் குடிக்கலாம். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு குறைத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது, 'எதற்கும் ஒருதடவை போய்விட்டு வந்துவிடலாம்' என்ற பழக்கம். பெரியவர்களின் சிறுநீர்ப்பை சுமார் 300 முதல் 500 மில்லி வரை தாங்கும். கொஞ்சம் சேர்ந்ததுமே காலி செய்துகொண்டிருந்தால், அதுவும் அந்தக் கொஞ்சத்துக்கே பழகிவிடுகிறது. டாக்டர் சொன்னபடி, ஒரு பழைய தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, மார்க்கரால் 50, 100, 150 என்று கோடு போட்டு மூன்று நாள் அளந்து எழுதினேன். முதல் நாள் காலைப் பக்கம் இன்னும் ஞாபகம் இருக்கிறது: '6.10 – 280. காபி. 6.50 – 90. 7.15 – 60, கூடவே வயிற்றுவலி.' சிறுநீர்ப்பையில் இடம் இருக்கிறது என்பதற்கு அந்த 280 சாட்சி. காபி குடித்த பிறகு நடந்ததும் பக்கத்திலேயே எழுதியிருந்தது. காஃபீன் குடலையும் சிறுநீர்ப்பையையும் ஒருசேரத் தூண்டக்கூடியது. டீயிலும் கோலாவிலும் அதுவே உண்டு. காபியை ஒரு வேளையாக்கினேன். முட்டும்போது உடனே எழுந்து ஓடாமல், உட்கார்ந்து மூச்சை நிதானமாக விட்டு ஐந்து நிமிடம் தள்ளிப்போட்டேன். அப்புறம் பத்து, பதினைந்து. பலன் தெரிய ஒன்றரை மாதம் ஆனது. அதற்காக வலிக்க வலிக்க அடக்கவும் கூடாது.

மெடிக்கல் ஷாப்பில் 'யூரின் இன்ஃபெக்‌ஷன்' என்று சொல்லி நார்ஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக்கை வாங்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது. எரிச்சல், காய்ச்சல், கலங்கிய சிறுநீர் என்று சந்தேகம் இருந்தால் யூரின் டெஸ்ட்டும் தேவைப்பட்டால் கல்ச்சரும் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்துப் பாருங்கள். கிருமி இல்லாதபோது ஆன்டிபயாடிக்கால் பயன் இல்லை. குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து அழிந்து, ஏற்கெனவே நொந்த வயிறு இன்னும் கெடும்.

இரண்டு டாக்டர்களிடம் தனித்தனியாகப் போகிறவர்கள் ஒருவர் கொடுத்த மாத்திரையை மற்றவரிடம் காட்டாமல் விடுவதும் உண்டு. சிறுநீர் அவசரத்துக்குத் தரும் ஆக்ஸிபியூடினின், சாலிஃபெனாசின் போன்றவை மலச்சிக்கலைக் கூட்டலாம். வயிற்றுப் பிடிப்புக்குத் தரும் டைசைக்ளோமின், புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) வீங்கிய ஆண்களுக்குச் சிறுநீரை அடைத்துவிடலாம். அட்டையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

பொதுக் கழிப்பறையில் அருவருப்புப்பட்டு அரைகுறையாகக் குனிந்து நின்றபடி போகும் பெண்கள் நிறைய. அந்த நிலையில் இடுப்புத் தசைகள் தளராது, சிறுநீர் முழுதாக இறங்காமல் மிஞ்சிவிடலாம். இருக்கையைத் துடைத்துவிட்டு நன்றாக உட்கார்ந்து போவதே மேல்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, எது வந்தாலும் 'அது ஐ.பி.எஸ்.தான்' என்று ஒதுக்குவது. அடிக்கடி சிறுநீர் வருகிறதென்றால் சர்க்கரையைப் பார்த்தாக வேண்டும். கர்ப்பமாக இருக்கலாம், ஐம்பதைத் தாண்டிய ஆணுக்குப் புராஸ்டேட்டாகவும் இருக்கலாம். சிறுநீரிலோ மலத்திலோ ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு ஆகியவை ஐ.பி.எஸ்.ஸின் அடையாளங்கள் அல்ல. சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டு, தொடையிடுக்கு மரத்து, கால் பலவீனமானால் அன்றைக்கே எமர்ஜென்ஸிக்குப் போக வேண்டும்.

ஐம்பது வயதுக்கு மேல் முதல்முறையாக உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைவது, அடிக்கடி சிறுநீர் என்று ஒரு பெண்ணுக்குத் தொடங்கினால் அதை வாயு என்று விடாதீர்கள். அந்த வயதில் ஐ.பி.எஸ். புதிதாக வருவது அரிது. சினைப்பைப் புற்றுநோய் இதே முகத்தோடு வரும். ஸ்கேனும் சிஏ 125 ரத்தப் பரிசோதனையும் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அம்மாவோ மாமியாரோ கூச்சப்பட்டால் அவர்களுக்காக நீங்கள் கேளுங்கள்.