கொரோனா வைரஸின் ஆர்என்ஏ முடிச்சை லேப்டாப்பில் மடித்துப் பார்ப்பது எப்படி?

பெங்களூரில் பயோடெக் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் அல்சூரில் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அவர்களோடு உட்கார்ந்து செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பாடப்புத்தகத்தில் எம்ஆர்என்ஏ ஒரு நேர்கோடு. ஆனால் வைரஸில் அந்தக் கோடு மடிந்து நிற்கும் விதம்தான் எந்தப் புரதம் எவ்வளவு உருவாக வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. இதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. கோடான் அட்டவணை பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பதிவு போதும்.

1. வரிசையை எடுங்கள்

மரபணு வரிசைகளைச் சேமித்து வைக்கும் என்சிபிஐ தளத்தில் என்சி_045512.2 என்று தேடுங்கள். சார்ஸ்-கோவ்-2, அதாவது கோவிட் தரும் கொரோனா வைரஸின் 29,903 எழுத்துகளும் வரும். நமக்கு வேண்டியது 13462 முதல் 13542 வரை, மொத்தம் 81 எழுத்துகள். பக்கத்தின் வலது ஓரத்தில் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. ஃபாஸ்டா வடிவில் (வரிசையை வெறும் எழுத்துகளாகத் தரும் வடிவம்) நகலெடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 'யூ' இருக்க வேண்டிய இடத்தில் 'டி' இருக்கும். நாம் மடிக்கப் பயன்படுத்தப் போகும் ஆர்என்ஏஃபோல்ட் என்ற கருவி அதைத் தானே மாற்றிக்கொள்ளும். இருந்தாலும் நோட்பேடிலேயே எல்லா 'டி'யையும் 'யூ' ஆக மாற்றிவிடுவது நல்லது, அடுத்த படிகளில் கண்ணுக்குக் குழப்பம் இருக்காது.

2. மடிப்பதற்கு முன் வாசியுங்கள்

இந்தப் படியை யாரும் தாண்டிப் போகாதீர்கள். புரதம் கட்டும் ரைபோசோம் இந்த இடத்துக்கு வரும்போது இப்படி வாசிக்கிறது (நீங்கள் எடுத்த வரிசையின் முதல் 'யூ' முந்தைய கோடானைச் சேர்ந்தது):

யூயூஏ ஏஏசி ஜிஜிஜி யூயூயூ ஜிசிஜி ஜியூஜி யூஏஏ

கடைசியில் இருப்பது நிறுத்தக் கோடான். இப்படியே போனால் ஓஆர்எஃப் 1ஏ, அதாவது புரதமாக வாசிக்கப்படும் முதல் பகுதி, இங்கே முடிந்துவிடும். ஆனால் வைரஸ் தன் ஆர்என்ஏவைப் படியெடுக்கத் தேவையான பாலிமரேஸ் இதற்கு அப்பால், 1பி பகுதியில் இருக்கிறது. அங்கே போக ஒரு வழி வேண்டும். 13462-ல் தொடங்கும் 'யூயூயூஏஏஏசி' என்ற ஏழு எழுத்துகளில் சில ரைபோசோம்கள் ஓர் எழுத்து பின்னால் வழுக்குகின்றன. அப்போது 13468-ஆவது எழுத்தான 'சி' இரண்டாம் முறை வாசிக்கப்படுகிறது:

சிஜிஜி ஜியூயூ யூஜிசி ஜிஜியூ ஜியூஏ ஏஜியூ

இப்போது அந்த யூஏஏ எங்கே? இரண்டு கோடான்களுக்கு நடுவே பிரிந்து காணாமல் போய்விட்டது. வாசிப்பு தடையில்லாமல் தொடர்கிறது. காகிதத்தில் நீங்களே கோடு போட்டுப் பிரித்துப் பாருங்கள். இதற்குப் பெயர் ஃப்ரேம்ஷிஃப்ட். இப்படி ரைபோசோம் சட்டகம் மாறுவது 1985-ல் ரூஸ் சார்கோமா வைரஸில் தெரிய வந்தது. 1987-ல் கோழிகளைத் தாக்கும் ஒரு கொரோனா வைரஸிலும் கண்டார்கள்.

எல்லா ரைபோசோமும் வழுக்கினால் 1ஏ புரதங்களின் விகிதம் கெட்டுவிடும், எதுவுமே வழுக்காவிட்டால் பாலிமரேஸ் கிடையாது. அந்த விகிதத்தைப் பிடித்து வைப்பது பின்னால் வரும் மடிப்பு.

3. ஆர்என்ஏஃபோல்டில் போடுங்கள்

வழுக்கும் இடத்தையும் அடுத்த ஆறு எழுத்து இடைவெளியையும் விட்டுவிட்டு, 13475 முதல் 13542 வரையான 68 எழுத்துகளை மட்டும் போடுங்கள். வியன்னா பல்கலைக்கழகத்தின் இணையதளமே போதும். புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஒரு வரி வரும். புள்ளி என்றால் அந்த எழுத்துக்கு ஜோடி இல்லை. திறக்கும் அடைப்பும் மூடும் அடைப்பும் ஒரு ஜோடி. முதல் பத்து எழுத்துகள், 21 முதல் 30 வரை உள்ளவற்றோடு சேரும். இப்படி ஜோடி சேர்ந்து நிற்கும் பகுதியைத் தண்டு என்பார்கள். இது தண்டு 1. அந்த நிறுத்தக் கோடான் இந்தத் தண்டுக்குள்ளேயே, 7 முதல் 9 வரை இருக்கிறது.

4. எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம்

படம் அழகாக வரும். அதைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று தோன்றும். நானும் இங்கேதான் வெகுநேரம் நின்றேன். முக்கியமான ஜோடி அந்தப் படத்தில் இல்லவே இல்லை.

தண்டு 1-இன் வளையத்தில் (இரு பக்கங்களுக்கும் நடுவே வளைந்து நிற்கும் பகுதி) 14 முதல் 18 வரை பாருங்கள்: ஏஜிசிசிசி. அப்புறம் வரிசையின் கடைசி ஐந்து: ஜிஜிஜிசியூ. பின்னாலிருந்து படித்தால் ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்தும். வளையத்துக்குள் இருப்பது வெளியே வெகுதூரத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்கிறது, அது தண்டு 2. இதுதான் சூடோநாட், அதாவது முடிச்சு. எழுதினால் இப்படி வரும்:

((((((((((...[[[[[..)))))))))).................................]]]]]

நடுவில் நீளமாகப் போகும் புள்ளிகளில் தண்டு 3 இருக்கிறது. வரி தெளிவாக இருக்கட்டும் என்று அதை விட்டிருக்கிறேன். சதுர அடைப்பு, வட்ட அடைப்புக்குள்ளே திறந்து அதற்கு வெளியே போய் மூடுகிறது. ஆர்என்ஏஃபோல்டின் கணக்கு முறை, ஓர் அடைப்புக்குள் திறந்தது அதற்குள்ளேயே மூட வேண்டும் என்ற விதியில் நடப்பது. இந்த விதியைத் தளர்த்தினால் சாத்தியங்கள் கட்டுக்கடங்காமல் பெருகிவிடும். அதனால் இந்த ஜோடி எவ்வளவு வலுவாக இருந்தாலும் அது காட்டாது. கடைசி ஐந்து எழுத்துகளைத் தனியே தொங்கவிடும், அல்லது வேறு எதோடாவது ஒட்டிவிடும்.

அதனால் ஐபிநாட் அல்லது பிகிஸ் கருவியில் அதே 68 எழுத்துகளைப் போடுங்கள். இரண்டும் முடிச்சுகளைத் தேடுபவை. எனக்குப் பிடித்தது ஐபிநாட், வேகமாக வேலை செய்யும். படம் வரைய வார்னா போதும், முடிச்சையும் காட்டும். ஆனால் எந்தக் கருவியின் விடையையும் அப்படியே நம்பாதீர்கள். வரிசையை பிரின்ட் எடுத்து, ஜோடி சேரும் எழுத்துகளைப் பென்சிலால் இணைத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்த முடிச்சு கற்பனையில்லை. 2021-ல் ஜூரிச் ஈடிஎச் குழுவினர் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில், ரைபோசோமுக்குள் எம்ஆர்என்ஏ நுழையும் வாயிலில் இது ஆப்பு போல அடைத்து நிற்பதைக் கண்டார்கள். ரைபோசோம் அங்கே தடுமாறி நிற்கும்போது வழுக்குவதற்கு வாய்ப்பு கூடுகிறது. 2003-ஐ ஒட்டிப் பரவிய பழைய சார்ஸ் வைரஸிலும் இதே முடிச்சு, ஒரே ஓர் எழுத்து வித்தியாசத்தோடு இருக்கிறது. இப்படி மாறாமல் இருப்பதால்தான் மருந்து தேடுபவர்களும் இதைக் குறிவைக்கிறார்கள். மெராஃப்ளாக்சாசின் என்ற வேதிப்பொருள் இந்த வழுக்கலைத் தடுப்பதாக ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள்.

5. மாற்றிப் பாருங்கள்

14 முதல் 18 வரை உள்ளதை யூசிஜிஜிஜி என்று மாற்றி ஐபிநாட்டில் ஓட்டுங்கள். பழைய ஜோடி உடைய வேண்டும். அடுத்து கடைசி ஐந்தையும் சிசிசிஜிஏ என்று மாற்றுங்கள். எழுத்துகள் வேறு, பொருத்தம் பழையதுதான். ஆய்வகத்தில் ஒரு முடிச்சு நிஜமா என்று சோதிப்பதும் இதே தர்க்கத்தில்தான்: முதல் மாற்றத்தில் ஃப்ரேம்ஷிஃப்ட் குறைந்து, இரண்டாவதில் திரும்பி வந்தால், வேலை செய்வது எழுத்து அல்ல, வடிவம்.

பின்சேர்க்கை: ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒரு வாசகர், 13400-லிருந்து எடுத்து மடித்தால் வேறு படம் வருகிறதே என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. தண்டு 1-இன் இடப்பக்கம், வழுக்கும் இடத்துக்கு முன்னால் உள்ள எழுத்துகளோடும் சேர முடியும். தொற்றிய செல்களுக்குள் ஜோடி சேராத எழுத்துகளைக் காட்டிக்கொடுக்கும் டிஎம்எஸ் வேதிப்பொருளால் சோதித்தபோது அந்த மாற்று மடிப்பும் தென்பட்டது. ஆனால் ரைபோசோம் வழுக்கும் இடத்துக்கு வந்துவிட்டால் அந்த முன்பகுதி அதன் பிடிக்குள் போய்விடும், தண்டு 1 மறுபடி சேர வழி கிடைக்கும். அதனால் ரைபோசோம் நிற்கும் நேரத்து வடிவம் வேண்டுமென்றால் 68 எழுத்து ஜன்னலே சரி என்பது என் முடிவு.

இன்னொன்று: டெங்குவுக்கும் இதே வழி உதவுமா என்று சிலர் கேட்கிறார்கள். டெங்கு தன் பாலிமரேஸுக்காக இந்த வழுக்கலை நம்பி இல்லை. அதன் சுமார் 10,700 எழுத்து நீள ஆர்என்ஏவின் இரு முனைகளும் ஒன்றையொன்று தேடிப் பிடித்து வட்டமாகின்றன. பாலிமரேஸ் முன்முனையில் அமர்ந்து, வட்டம் சேர்ந்த பிறகே பின்முனையில் படியெடுக்கத் தொடங்குகிறது. இதைப் பார்க்க முதல் 160 எழுத்துகளையும் கடைசி 106 எழுத்துகளையும் இரு தனி வரிசைகளாக எடுத்து, அதே வியன்னா தளத்தின் ஆர்என்ஏகோஃபோல்டில் போடுங்கள்.