எடையும் பிரஷரும்: கிராமத்தில் அளக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கிய பிறகு, வீட்டுத் திண்ணையிலேயே இரத்த அழுத்தம் பார்ப்பது தமிழகக் கிராமங்களில் பழகிப்போன காட்சியாகிவிட்டது. முகாம்களுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளப்பது, ரவிக்கைக் கையின் மேலேயே பிரஷர் கருவியின் பட்டையைச் சுற்றுவது போன்றவற்றைப் பயிற்சியிலேயே திருத்திவிடுவார்கள். எடையையும் பிரஷரையும் சேர்த்துப் பார்க்கும் இடத்தில்தான் எங்கள் தலைமுறை செய்த தவறுகள் அப்படியே திரும்புகின்றன.

எல்லாக் கைக்கும் ஒரே பட்டை

கருவிப் பெட்டியோடு வரும் பட்டை நடுத்தரக் கைக்கு உரியது. அதனுள் இருக்கும் காற்றுப்பை மேல்கைச் சுற்றளவில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை வளைக்க வேண்டும். பருத்த கையில் அது பாதியிலேயே நின்றுவிடும். இரத்தக் குழாயை அமுக்கக் கூடுதல் காற்று தேவைப்படும், எண் ஏறிக் காட்டும். மெலிந்த கையில் நேர்மாறு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட சோதனையில், பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு வழக்கமான பட்டையைச் சுற்றியபோது மேல் எண் (146/92 என்றால் 146) சராசரியாக 4.8 கூடியது. மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு 19.5 கூடியது. சிறியது தேவைப்பட்டவர்களுக்கு 3.6 குறைந்தது.

எடை கூடினால் அழுத்தம் கூடும் என்பது உண்மை. அந்த உண்மையின் மேல் பட்டை தன் பங்குக்கு ஒரு பொய்யை ஏற்றிவிடுகிறது. பருத்தவர் இல்லாத நோய்க்கு மாத்திரை விழுங்குகிறார். ஒல்லியானவர் இருக்கிற நோயோடு வயலுக்குப் போகிறார். முகாம் பதிவேடோ, குண்டானவர்களுக்குத்தான் பிரஷர் வரும் என்று சாட்சி சொல்கிறது.

ஒரு முகாமில் மளிகைக் கடைக்கார அம்மா ஒருவருக்கு 146/92 என்று எழுதினார்கள். “இனிமேல் சாகும்வரை மாத்திரைதானா, சிஸ்டர்?” என்று கண் கலங்கினார். நாடாவால் அளந்தேன், கை 37 செ.மீ. பெரிய பட்டையைச் சுற்றி, ஐந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பார்த்தபோது 136/86, நோய் என்று சொல்லும் எல்லைக்குக் கீழே. அதே வரிசையில் நடவு வேலைக்குப் போகும் ஒரு பெரியவருக்கு 136 என்று எழுதி அனுப்பவிருந்தார்கள். அவர் கை 24 செ.மீ.; சிறிய பட்டையில் 142, எல்லைக்கு மேலே. பெரிய பட்டையும் சிறிய பட்டையும் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் பையிலேயே கிடந்தன. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதில்தான். இல்லாததற்கு ஏங்கலாம், இருப்பதை எடுக்காததற்கு என்ன சமாதானம்?

தையல்காரர் நாடா ஒன்று போதும். தோள் எலும்பு முனைக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றுங்கள். 22 முதல் 26 செ.மீ. வரை சிறியது, 27 முதல் 34 வரை வழக்கமானது, 35 முதல் 44 வரை பெரியது. உரிய பட்டை கையில் இல்லையென்றால் அதைப் பதிவேட்டில் எழுதி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மறுபடி அளக்க அனுப்புங்கள்.

ஒரே ஒரு முறை அளந்து தீர்ப்பு சொல்வது

கூடாது. வேறொரு நாளும் அளக்க வேண்டும்.

ஒல்லியானவரைத் தாண்டிப் போவது

30 வயது கடந்த எல்லோருக்கும் பார்க்க வேண்டும் என்பதே விதி. ஆளின் உருவத்தைப் பார்த்து வீட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உப்புப் போட்ட கஞ்சி, கருவாடு, ஊறுகாய், பீடி, சாராயம், குடும்ப வழி, வயது, சிறுநீரகக் கோளாறு என இவற்றில் எதுவும் எடை மெஷினில் தெரியாது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டில் மாதம் எத்தனை பாக்கெட் உப்பு தீர்கிறது என்று கேளுங்கள், கணக்குத் தெரிந்துவிடும்.

எடையை மட்டும் குறிப்பது

இடுப்பையும் அளக்கவும். நம்மவர்களில் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை. கை கால் மெலிந்து வயிறு மட்டும் சரிந்தவர்கள் ஊரில் நிறைய. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சிறுநீரகத்தை நெருக்கி, உடலில் உப்பைத் தேக்கும் ஹார்மோன்களையும் தூண்டுகிறது.

“வாக்கிங் போங்கள்” என்று சொல்லிவிட்டு நகர்வது

நாளெல்லாம் குனிந்து களை பறித்தவரிடம் இதைச் சொல்வதில் பொருளில்லை. தட்டில் என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். மூன்று வேளையும் சோறா? பொரிக்க எவ்வளவு பாமாயில்? எடை ஒரு கிலோ குறைந்தால் மேல் எண் ஏறத்தாழ ஒரு புள்ளி இறங்கும் என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. நான்கைந்து கிலோ குறைத்தாலே பலன் தெரியும் என்று சொன்னால் நம்பி முயல்வார்கள். இருபது கிலோ என்றால் அடுத்த முகாமுக்கே வர மாட்டார்கள்.

எடை குறைந்ததும் மாத்திரையை நிறுத்தச் சொல்வது

அது டாக்டர் முடிவு. அவரைப் பார்க்கும்வரை மாத்திரை தொடரட்டும்.