எம்வி கமாண்டின் கடைசிச் சொல்: ஃபைல்கள் தொலைந்துபோகும் இடங்கள்

லினக்ஸிலும் மேக்கிலும் டெர்மினலில் (கமாண்ட் தட்டும் திரை) ஃபைலை இடம் மாற்றவும் பெயர் மாற்றவும் ஒரே கமாண்ட்தான்: எம்வி (mv). இரண்டில் எதைச் செய்யும் என்பது நாம் கடைசியாக அடிக்கிற சொல்லைப் பொறுத்தது. அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தால் ஃபைல் அதற்குள் போய் உட்காரும். ஒன்றுமே இல்லையென்றால் அதுதான் ஃபைலின் புதுப் பெயர். ஏற்கனவே வேறொரு ஃபைல் இருந்தால்? பழையது போயே போச்சு. எம்வி கேட்காது, குப்பைத் தொட்டிக்கு அனுப்பாது, அன்டூவும் கிடையாது.

தங்கை கல்யாணத்தில் எடுத்த நானூறு சொச்சம் படங்களை நான் இப்படித்தான் தொலைக்கப் பார்த்தேன். ஒவ்வொரு படமாக எடுத்து 'கல்யாணம்' ஃபோல்டருக்கு எம்வி செய்யும்படி ஒரு ஃபார் லூப் (ஒரே வேலையை ஒவ்வொரு ஃபைலுக்கும் திரும்பச் செய்யும் கட்டளை) எழுதினேன். ஆனால் அந்த ஃபோல்டரை உருவாக்க மறந்துவிட்டேன். முதல் படத்தின் பெயர் 'கல்யாணம்' என்று மாறியது. இரண்டாவது படம் அதன்மேல் ஏறியது, மூன்றாவது அதன்மேல். திரையில் ஒரு எழுத்து வரவில்லை. லூப் முடிந்தபோது 'கல்யாணம்' என்று ஒரே ஒரு ஃபைல். திறந்தால், பந்தி முடிந்து இலை எடுக்கிற படம். கேமரா கார்டை அழிக்காமல் வைத்திருந்ததால் தப்பித்தேன்.

கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு 'கல்யாணம்/' என்று எழுதியிருந்தால் இது நடந்திருக்காது. ஃபோல்டர் இல்லாதபோது எம்வி பிழை காட்டும், படங்களைத் தொடாது. ஃபோல்டருக்குள் அனுப்புகிறோம் என்றால் சாய்கோடு போடுவதைக் கைப்பழக்கம் ஆக்கிக்கொள்ளுங்கள்.

மேலெழுதும் ஆபத்துக்கு 'எம்வி -ஐ' (mv -i) இருக்கிறது, ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத்தான் செய்யும். '-என்' (-n) போட்டால் இருப்பதன்மேல் எழுதவே எழுதாது. பலர் '-ஐ' தானாக வரும்படி ஏலியஸ் (கமாண்டுக்கு நாமே வைக்கும் மாற்றுப்பெயர்) வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அந்தக் கேள்வியை நம்பிப் பழகியவர், ஏலியஸ் இல்லாத சர்வரில் உட்காரும்போது அதே அலட்சியத்தோடு அடிப்பார்.

அடுத்த வலை நட்சத்திரக் குறி. டாஸ் காலத்து ஆட்கள் 'ரென் *.டிஎக்ஸ்டி *.பிஏகே' (ren *.txt *.bak) என்று அடித்து எல்லா ஃபைல்களின் பின்னொட்டையும் ஒரேயடியாக மாற்றியிருப்பார்கள். எம்வியிடம் அது பலிக்காது. நட்சத்திரத்தைப் பொருந்தும் ஃபைல் பெயர்களாக விரித்து எழுதுவது ஷெல், அதாவது நாம் அடிப்பதை வாங்கிக் கமாண்டுகளை ஓட்டும் நிரல். எம்விக்குப் போய்ச் சேர்வது வெறும் பெயர்ப் பட்டியல். நிறைய ஃபைல்கள் இருந்தால் பிழை வரும், நல்லது. ஒரே ஒரு டிஎக்ஸ்டியும் ஒரே ஒரு பிஏகேயும் இருந்தால்தான் வினை: முதலாவது இரண்டாவதன்மேல் சத்தமில்லாமல் ஏறிவிடும். போய்ச் சேர வேண்டிய இடத்தை எழுத மறந்து 'எம்வி *.ஜேபிஜி' என்று மட்டும் அடித்து, அங்கே இரண்டே படங்கள் இருந்தாலும் இதே கதிதான். சந்தேகமா, கமாண்டின் முன்னால் 'எக்கோ' (echo) என்று சேர்த்து என்டர் தட்டுங்கள். ஷெல் விரித்த வரி அப்படியே தெரியும்.

மொத்தமாகப் பெயர் மாற்ற 'ரீநேம்' என்று தனிக் கருவி உண்டு. ஆனால் அந்தப் பெயரில் இருப்பவை இரண்டு. உபுண்டு, டெபியனில் நிறுவக் கிடைப்பது பெர்ல் நிரல்மொழியின் பாணி. ஃபெடோராவில் இருப்பது வேறு இலக்கணம். இணையத்தில் பார்த்ததை ஒட்டும் முன் '-என் -வி' (-n -v) போட்டு ஒத்திகை பாருங்கள்.

பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், லூப்புக்குள் மட்டும் எல்லோரும் மறப்பார்கள். தமிழில் பெயர் வைப்பவர்களுக்குத் தனியாக இரண்டு தொல்லைகள். எக்ஸ்ட்4 (லினக்ஸின் டிஸ்க் வடிவம்) டிஸ்க்கில் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். 'கு' என்பதே 'க', உகரக் குறி என இரண்டு குறியீடாகி 6 பைட் ஆகிவிடுவதால், நீளமான தலைப்பை அப்படியே பெயராக வைத்தால் எம்வி மறுத்துவிடும். இன்னொன்று, 'கொ' போன்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். பழைய மேக் டிஸ்க்கிலிருந்து வந்த 'கொலு' ஃபைலும் லினக்ஸில் நீங்கள் தட்டிய 'கொலு'வும் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. ஃபைல் எதிரிலேயே இருக்கும், எம்வி 'அப்படி ஒன்று இல்லை' என்னும். டேப் விசையால் பெயரை நிரப்பினால் இந்தத் தலைவலி இல்லை.

அப்புறம், 'எம்வி *' என்றால் எல்லாம் வந்துவிடாது. புள்ளியில் தொடங்கும் மறைவு ஃபைல்கள் பழைய இடத்திலேயே கிடக்கும். வெப்சைட்டை வேறு ஃபோல்டருக்கு மாற்றிவிட்டு, அது ஏன் ஓடவில்லை என்று மண்டையை உடைப்பவர்கள் முதலில் '.என்வி' (.env), '.ஹெச்டிஅக்சஸ்' (.htaccess) என்ற அமைப்பு ஃபைல்கள் வந்தனவா என்று பார்க்கலாம்.

டிஸ்க்கின் ஒரே பார்ட்டிஷனுக்குள் (பிரிவுக்குள்) 40 ஜிபி ஃபைலும் கண் சிமிட்டுவதற்குள் நகரும், ஏனென்றால் மாறுவது பெயர்ப் பதிவு மட்டும். பென்டிரைவுக்கு நகர்த்தும்போது எம்வி நகலெடுத்துவிட்டு மூலத்தை அழிக்கிறது. பல ஃபோல்டர்களை ஒரே கமாண்டில் அனுப்பி, நடுவில் பென்டிரைவை உருவினால் சிலது அங்கே, சிலது இங்கே, ஒன்று அரைகுறை. அது ஃபேட்32 வடிவத்தில் ஃபார்மேட் செய்த பென்டிரைவாக இருந்தால் 4 ஜிபி ஃபைல் ஏறாது, '10:30' என்று முக்காற்புள்ளி உள்ள பெயரும் ஏறாது. டிஸ்க் மாறுகிறதென்றால் நான் எம்வியைத் தொடுவதில்லை. 'ஆர்சிங்க் -ஏ' (rsync -a) போட்டு நகலெடுத்து, பென்டிரைவைக் கழற்றி மறுபடி செருகி, இரண்டு ஃபைலாவது திறந்து பார்த்த பிறகுதான் பழையதில் கை வைப்பேன்.