ஹைபரியையும் எமிரேட்ஸையும் ஒப்பிட்டுப் பார்க்க

லண்டனில் ஆர்சனல் கால்பந்து அணியின் புதிய மைதானமான எமிரேட்ஸுக்கு நேராகப் போய்விடாதீர்கள். ஆர்சனல் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கி, முதலில் அவெனல் சாலைக்கு நடந்து போங்கள். 1913 முதல் 2006 வரை எங்கள் தாய்வீடாக இருந்த பழைய மைதானமான ஹைபரியின் கிழக்கு முகப்பு இன்னும் அங்கே நிற்கிறது. உள்ளே அடுக்குமாடிக் குடியிருப்பு; எங்கள் வீரர் தியரி ஆன்றி மண்டியிட்டு முத்தமிட்ட புல்தரை இப்போது தோட்டம். எதிர்வரிசை வீட்டு வாசல்களையும் பாருங்கள், நடுவில் ஒரு தெருதான்.

அப்புறம் எமிரேட்ஸ், சற்று நடந்தால் போதும். அங்கே 38,000 பேர், இங்கே 60,000-க்கும் மேல். கால் நீட்ட இடம், தூண் மறைக்காத பார்வை: சரி, இதில் புதியதுதான் மேல்.

சத்தத்தை ஒப்பிட, ஆட்டத்தின் நடுவே கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஹைபரியில் கோட்டோரத்திலிருந்து பந்தைக் கையால் உள்ளே எறிய வருபவரின் மூச்சிரைப்பு முன்வரிசையில் எனக்குக் கேட்கும்.