பாதி அடுப்பில் தணல், பாதி காலி: கரியில் கோழி சுடும் முறை

லெக் பீஸ் வெளியே கருகி, எலும்போரம் பச்சையாகவே நிற்கிறதா? மசாலாவைக் குறை சொல்லாதீர்கள். தணலை அடுப்பு முழுக்கப் பரப்பியதுதான் காரணம். அதை ஒரு பக்கமாக ஒதுக்கினால் ஒரே அடுப்பில் இரண்டு சூடு கிடைக்கும்: தணலுக்கு நேர் மேலே நேர்ச்சூடு, காலிப் பக்கத்தில் பக்கச்சூடு.

ஒரு கிலோ லெக் பீஸுக்கு 2 கிலோ கரி தாராளம். ராமநாதபுரம் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக்கருவேலங்கரி கிடைத்தால் அதையே வாங்குங்கள். கெட்டியானது, நின்று எரியும். மூட்டையின் அடியில் கிடக்கும் தூள் வேண்டாம், காற்றை அடைத்துவிடும். அடுப்பு மொட்டை மாடியிலோ முற்றத்திலோ இருக்கட்டும். வீட்டுக்குள் கூடவே கூடாது: கரி விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

1. பற்றவைப்பது

மண்ணெண்ணெய் ஊற்றினால் கோழியிலும் அதே நாற்றம்தான். சமையல் எண்ணெயில் நனைத்த காகிதம், கொஞ்சம் தேங்காய் நார், அதன்மேல் கரியைக் கூம்பாகக் குவித்துப் பற்றவையுங்கள். கறுப்பு மறைந்து மேலே வெள்ளைச் சாம்பல் பூக்க 20 முதல் 25 நிமிடம் ஆகும். பலரும் அவசரப்படுவது இங்கேதான்.

2. ஒதுக்குவது

தணல் முழுவதையும் ஒரு பக்கம் தள்ளுங்கள். காலிப் பக்கத்தில் கொழுப்பு சொட்ட ஒரு பழைய தட்டு வையுங்கள். கம்பிக்கு அரைச்சாண் மேலே உள்ளங்கையைக் காட்டுங்கள். தணல் பக்கம் 2, 3 விநாடிக்குமேல் தாங்கக் கூடாது. காலிப் பக்கம் 6, 7 விநாடி தாங்க வேண்டும்.

3. கோழி

தயிர், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு, உப்பு போதும். சர்க்கரை, தேன் எல்லாம் கருகும்; வேண்டுமானால் கடைசியில் தடவலாம்.

தோல் மேலே இருக்க, முதலில் காலிப் பக்கத்தில் அடுக்கி மூடுங்கள். மூடி இல்லையென்றால் பெரிய அலுமினியக் குண்டானைக் கவிழ்த்தாலும் சரி. மூடியில் காற்றுத்துளை இருந்தால் அது கோழிக்கு மேலே வரட்டும். புகை கோழியைத் தழுவிக்கொண்டு வெளியேறும். நடுவில் ஒரு முறை திருப்பி, 35 முதல் 45 நிமிடம். கறிக்குள் 74 டிகிரி செல்சியஸ் குறைந்தபட்சம், தொடைக்கு 80 இன்னும் நல்லது. வெப்பமானி இல்லையா, எலும்போரம் குத்திப் பாருங்கள், வடியும் சாறு தெளிவாக இருக்க வேண்டும்.

அப்புறம்தான் தணல் பக்கம், பக்கத்துக்கு 2 நிமிடம். கொழுப்பு சொட்டிச் சொட்டி 'சொர்'ரென்று தீ எழும்பும். தண்ணீர் தெளித்தால் சாம்பல் பறந்து கறியில் ஒட்டும். இடுக்கியால் துண்டைக் காலிப் பக்கம் நகர்த்துங்கள், தீ தானாக அடங்கிவிடும். பச்சைக் கறி தொட்ட இடுக்கியை வெந்த கறிக்கு மட்டும் கொண்டுவராதீர்கள்.

4. காய்கறி

மக்காச்சோளம், குடைமிளகாய், தடித்த வெங்காய வட்டம் எல்லாம் நேர்ச்சூட்டிலேயே 10 நிமிடத்துக்குள் முடியும். கத்திரிக்காய்க்கு இரண்டு சூடும் வேண்டும்: முள்கரண்டியால் நாலு இடத்தில் குத்தி (இல்லாவிட்டால் வெடிக்கும்) தணல்மேல் தோல் கருக விட்டு, பிறகு காலிப் பக்கத்தில் துவளும்வரை வையுங்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஒரு மணி நேரம் கேட்கும், அதனால் கோழிக்கு முன்பே காலிப் பக்கம் ஏற்றிவிடுங்கள்.

சாப்பிட்டு முடித்ததும் சாம்பலைப் பிளாஸ்டிக் குப்பைக்கூடையில் கொட்டிவிடாதீர்கள். மறுநாள் காலையிலும் உள்ளே கங்கு இருக்கும்.